லெனினைக் குற்றவாளியாக்கும் போர்

அன்புள்ள ஐயா,

உக்ரைன் போர் பற்றிய கட்டுரையில் ரஷ்யாவை ஆக்கிரமிப்பாளர் என்று எழுதியிருந்தீர்கள். மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோ ரஷ்ய எல்லைவரை விரிந்ததையும், உக்ரைனில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டதையும் அறிந்த ஓர் இடதுசாரி எப்படி அவ்வாறு எழுத முடியும்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குறிப்பிடும் இரண்டும் உண்மை. நேட்டோவின் விரிவாக்கத்தை நானும் எதிர்க்கிறேன். ஆனால் படையெடுப்புக்கு மூன்று நாள் முன்பு, 2022 பிப்ரவரி 21 அன்று, புதின் ஆற்றிய உரையைத் தாங்கள் முழுமையாக வாசிக்க வேண்டுகிறேன். நேட்டோவைப் பற்றிப் பேசுவதற்கு வெகு முன்பே அவர், இன்றைய உக்ரைன் லெனின் தலைமையிலான போல்ஷெவிக்குகளின் படைப்பு என்றும், சோவியத் குடியரசுகளுக்குப் பிரிந்து செல்லும் உரிமையை அளித்தது தவறினும் கொடியது என்றும், லெனின் சிலைகளை இடிக்கும் உக்ரைனுக்கு மெய்யான கம்யூனிச நீக்கம் எதுவெனக் காட்டத் தயார் என்றும் அறிவித்தார். குடியரசுகளை ரஷ்யாவுக்குள் தன்னாட்சிப் பகுதிகளாக அடக்க ஸ்டாலின் முன்வைத்த திட்டத்தை 1922இல் லெனின் எதிர்த்ததும், பெருரஷ்ய ஆதிக்க வெறியை அவர் கடுமையாகச் சாடியதும் இந்த உரிமையின் பொருட்டே.

சோவியத் முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலை நூல்களோடு வளர்ந்த நம் தலைமுறைக்கு மாஸ்கோ மீதுள்ள பற்று எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சோவியத் நாடு இன்றில்லை. 1990களில் எண்ணெய் வயல்களும் சுரங்கங்களும் அடிமாட்டு விலைக்குச் சிலர் கைக்குப் போன பிறகு உருவான முதலாளித்துவ அரசே இப்போரை நடத்துகிறது. ஊதியமும் ஓய்வூதியமும் பாதுகாப்பும் இழந்த மக்களுக்கு அது தரக்கூடியதாக எஞ்சியிருப்பது தேசப் பெருமை மட்டுமே. 2022 செப்டம்பரில் படைக்கு ஆள்திரட்டல் அறிவிக்கப்பட்டபோது ரஷ்யாவின் தாகெஸ்தான் குடியரசில் பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்து வீதிக்கு வந்தார்கள். ரஷ்யாவுக்குள் உள்ள புரியாத்தியா போன்ற ஏழைக் குடியரசுகளின் இளைஞர்கள் மக்கள்தொகை விகிதத்தை மீறிப் பலியாகிறார்கள். சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் காலத்திலேயே சிறை கண்ட மார்க்சியர் போரிஸ் ககர்லீட்ஸ்கி, போரை எதிர்த்ததற்காக 2024 பிப்ரவரியில் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையோ, கிழக்கு உக்ரைனில் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் அறிவித்த தோன்பாஸ் குடியரசுகளை அங்கீகரிக்கக் கோரும் தீர்மானத்தைத் தானே நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தது. (தலைவர் சியுகானவின் இந்தக் கட்சியை லெனினின் வாரிசு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.)

உக்ரைன் அரசை நான் புனிதப்படுத்தவில்லை. 2015இன் கம்யூனிச நீக்கச் சட்டங்களையும், போர்க்காலத்தைச் சாக்கிட்டு 2022இல் சிறு, நடுத்தர நிறுவனத் தொழிலாளர்களின் சட்டப் பாதுகாப்பைக் குறைத்த திருத்தத்தையும் எதிர்க்கத்தான் வேண்டும். அங்குள்ள 'சமூக இயக்கம்' என்ற சோசலிச அமைப்பு, ரஷ்யப் படையெடுப்பை எதிர்த்துக்கொண்டே அத்திருத்தத்தையும் எதிர்த்தது, உக்ரைனின் வெளிநாட்டுக் கடனை ரத்து செய்யவும் கோரியது. என் நிலைப்பாடு அவர்களுடையதற்கு நெருக்கமானது. அதை மாற்றிக்கொள்ள உங்கள் கடிதத்தில் காரணம் எதையும் நான் காணவில்லை.