வரைபடம் 20 விழுக்காடு, பாக்கெட்டுகளோ காணோம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஸ்விட்சின் பயன்பாட்டு வரைபடம் 20 விழுக்காட்டைத் தாண்டுவதே இல்லை. ஆனாலும் பாக்கெட்டுகள் (தரவு பயணிக்கும் சிறு பொட்டலங்கள்) தொலைகின்றன. கேபிள் பழுதா?

பதில்: கேபிளைப் பிடுங்குவதற்கு முன், வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நேரத்துக்கான சராசரி என்று பாருங்கள். பெரும்பாலும் 5 நிமிடமாக இருக்கும். அந்த 300 நொடிகளில் 60 நொடி முழு வேகத்தில் ஓடி, மீதி 240 நொடி சும்மா கிடந்தாலும் வரைபடம் 20 என்றுதான் காட்டும்.

பாக்கெட் தொலைய 60 நொடிகூட வேண்டாம். இரண்டு 1 ஜிகாபிட் போர்ட்டுகளில் ஒரே சமயம் முழு வேகத்தில் வருவதெல்லாம் ஒரே 1 ஜிகாபிட் போர்ட் வழியாக வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1 ஜிகாபிட் தேங்கும். பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் தேக்கிடமான பஃபர் 1 மெகாபைட் என்றால் 8 மில்லிநொடியில் நிரம்பி வழிந்துவிடும். இதைத்தான் மைக்ரோபர்ஸ்ட் என்கிறோம். கேபிள் பழுதென்றால் சிஆர்சி பிழைகளின் (வழியில் சிதைந்த பாக்கெட்டுகளின்) எண்ணிக்கை ஏறும். பஃபர் வழிந்தால், வெளியேறும் பக்கத்தில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறும். இரண்டையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: வகுப்பில், வருகைகள் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக நிகழ்வதாகக் கொள்ளும் பாய்சான் மாதிரியைத்தான் நடத்துகிறார்கள். இணையத்துக்கு அது செல்லாது என்கிறார்களே?

பதில்: ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டாம். 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் எர்லாங், அழைப்புகளின் வருகைக்கு அதைப் பொருத்திக் காட்டினார். ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் அறியாமல் அழைக்கும் இடத்தில் அது இன்றும் நன்றாகவே பொருந்தும்.

சிக்கல் பாக்கெட்டுகளில். 1989 முதல் 1992 வரை பெல்கோர் ஆய்வகத்தின் ஈதர்நெட்டில் பதிவான தரவை லேலண்ட், தாக்கு, வில்லிங்கர், வில்சன் நால்வரும் அலசி 1993இல் வெளியிட்டார்கள். 0.01 நொடிக்கு ஒரு முறை எண்ணினாலும், 100 நொடிக்கு ஒரு முறை எண்ணினாலும், படம் ஒரே மாதிரி மேடுபள்ளமாகவே இருந்தது. பாய்சான் சொல்வதுபோல் பாக்கெட்டுகள் தனித்தனியாக வந்திருந்தால், 10,000 மடங்கு பெரிய இடைவெளியில் சராசரி எடுக்கும்போது ஏற்ற இறக்கம் 100 மடங்கு சுருங்கியிருக்க வேண்டும். பழைய ஏற்ற இறக்கத்தின் தாக்கம் எவ்வளவு நீளும் என்று சொல்லும் ஹர்ஸ்ட் எண் 0.9 உள்ள போக்குவரத்திலோ அது சுமார் 2.5 மடங்கு மட்டுமே சுருங்கும். மழை விட்டும் தூவானம் விடாது என்பார்களே, அந்தக் கதை.

நைல் நதியின் நீர்வரத்தை ஆராய்ந்து 1951இல் எழுதியவர் ஹர்ஸ்ட். அவர் பெயரிலுள்ள இந்த எண் 0.5 என்றால் அந்த நீளும் தாக்கம், அதாவது நீண்ட நினைவு, இல்லை. 1ஐ நெருங்க நெருங்க நினைவு நீளும். நதிக்காரர் ஒருவரின் பெயர் கணினிக்காரர்கள் வாயில் புழங்குவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

கேள்வி: இந்த நினைவு எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பகுதி கோப்புகளின் அளவிலிருந்து. ஆயிரம் சிறு கோப்புகளுக்கு நடுவே ஒரு மலை வரும். அந்த மலை நகர்ந்து முடியும்வரை வலையமைப்பு அதை மறப்பதில்லை. கோப்பு அளவின் வால் அடுக்கு (மிகப் பெரிய கோப்புகள் எவ்வளவு அரிது என்று சொல்லும் எண்) 1.2 என்றால், 3இலிருந்து அதைக் கழித்துப் பாதியாக்குங்கள். ஹர்ஸ்ட் எண் 0.9 கிடைக்கும்.

கேள்வி: ஒரு முழு நாள் பதிவிலிருந்து ஹர்ஸ்ட் எண் 0.97 கிடைத்தது. ஆய்வேட்டில் போடலாமா?

பதில்: பொறுங்கள். காலையில் ஏறி இரவில் இறங்கும் அன்றாடப் போக்கே நீண்ட நினைவுபோல வேடம் போடும். பரபரப்பான ஒரு மணி நேரத்தை மட்டும் வெட்டியெடுத்து மறுபடி கணக்கிடுங்கள். ஒரே முறையை நம்பாமல், தொடரைப் பல அளவுச் சிற்றலைகளாகப் பிரித்துப் பார்க்கும், போக்கினால் எளிதில் ஏமாறாத அலைக்கணு (வேவ்லெட்) முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு தொடரைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துப் பாருங்கள், அப்போதும் 0.5 அருகே வராவிட்டால் பிழை உங்கள் நிரலில்தான் இருக்கிறது.

கேள்வி: பஃபரைப் பெரிதாக்கிவிட்டால் தீர்ந்ததா?

பதில்: 10 மெகாபிட் இணைப்பில் 1 மெகாபைட் பஃபர் நிரம்பி நின்றால், கடைசியில் நிற்கும் பாக்கெட் 0.8 நொடி காத்திருக்க வேண்டும். இழப்பு குறையும், வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவர் நீங்கள் பேசி முடித்த பிறகுதான் தலையாட்டுவார்.