ரத்தக்குழாயில் கால்சியம் படிவதற்கு அதன் உள்சுவர் செல்களும் காரணமா?

ஆமாம், அவற்றுக்கும் பங்கு உண்டு. நெத்திலியை முள்ளோடு தின்பதாலா, ராமநாதபுரம் கரையோரத்து உப்பு போர் தண்ணீராலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழியை அவற்றின் மேல் போட முடியாது. சாப்பாட்டில் கால்சியம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ரத்தத்தில் அது டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் நிற்கும்படி பாராதைராய்டு சுரப்பி பார்த்துக்கொள்ளும். சிறுநீரகம் கெட்டவர்கள் கதை வேறு. அவர்கள் மீன், கருவாடெல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

நான் எக்ஸ்ரே எடுப்பவன். மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து சர்க்கரைப் புண்ணோடு வருகிறவர்கள் சிலரின் கால் படத்தில், எலும்புகளுக்கு இடையே இரண்டு வெள்ளைக் கோடுகள் பாம்பன் தண்டவாளம் மாதிரி இணையாக ஓடும். அது கால்சியம் படிந்த ரத்தக்குழாயின் சுவர். அப்படிப்பட்ட கணுக்காலில் பிரஷர் பட்டை கட்டினால் குழாய் அமுங்காது, அளவு பொய்யாக ஏறிக் காட்டும்.

கால்சியத்தைப் படியவைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது நடுச்சுவரின் தசை செல்கள். அவை எலும்பு செல்களின் குணத்துக்கு மாறிவிடுகின்றன. சரி, உள்சுவர் எங்கே வருகிறது? எண்டோதீலியம் என்கிற அந்தப் படலம் ஒரே ஒரு செல் தடிமன்தான். நல்லபடியாக இருக்கும்வரை நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தசை செல்களை அடக்கி வைக்கும். சர்க்கரையும், சிறுநீரகம் கெட்டு ஏறுகிற பாஸ்பேட்டும் அதை வாட்டினால் நைட்ரிக் ஆக்சைடு குறையும். எலும்பை வளர்க்கும் பிஎம்பி புரதங்கள் கூடும். தசை செல்கள் தடம் மாற அது போதும்.

இன்னொரு வழிதான் எனக்கு ஆச்சரியம். உள்சுவர் செல்களே ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டு, தங்கள் அடையாளத்தை இழந்து, எலும்பு உண்டாக்கும் பக்கம் சாய்ந்துவிடும். எம்ஜிபி என்றொரு புரதம் படிவைத் தடுக்கிறது. அதற்கான ஜீனை நீக்கிய சுண்டெலிகளின் தமனிகளில் கால்சியம் ஏறி, இரண்டு மாதத்துக்குள் அவை செத்துப்போனதை 1997-இல் எழுதினார்கள். பிற்பாடு அதே வகை எலிகளில் உள்சுவர் செல்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தார்கள். படிவு இருந்த இடத்தில் அந்தச் செல்களின் வாரிசுகள் கிடைத்தன. ஆனால் எலிக்கு நடந்தது அதே அளவில் நமக்கும் நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.

எம்ஜிபி வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அதற்குக் குறுக்கே நிற்கும். அதைப் படித்துவிட்டு, செயற்கை வால்வு வைத்தவர்கள் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வால்வில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து.