மயக்க ஊசிக்குப் பிறகு தொடங்கிய தத்துவப் படிப்பு

கல்லூரியில் தத்துவம் படிக்காத ஒருவர், வேலைக்குப் போய்க்கொண்டே தத்துவச் சிந்தனைகளின் வரலாற்றைத் தாமாகப் படிக்க விரும்பினால் எங்கே தொடங்குவது, கிரேக்கத்திலிருந்து காலவரிசைப்படி வர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காலவரிசையில் தொடங்காதீர்கள் என்பேன். உங்களை ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியில் யார் யாரை மறுத்தார்கள் என்று தேடிப் போங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும், சற்று நீளும்.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். இருபத்தெட்டு வயதில் முதல்முறை முயன்றேன். தடித்த வரலாற்று நூல் ஒன்றை வாங்கிவந்து, நீள நோட்டில் மூன்று பத்திகள் கோடு போட்டு, பெயர், காலம், கருத்து என்று எழுதிவந்தேன். தேலீஸ்: எல்லாம் நீரிலிருந்து வந்தது. ஹெராக்ளிட்டஸ்: எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பர்மனிடீஸ்: மாற்றம் என்பதே இல்லை. நாற்பது பக்கங்கள் நிரம்பின. ஆனால் பர்மனிடீஸ் ஏன் அப்படி ஒரு முடிவுக்கு வந்தார் என்பதை அந்த நோட்டைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. இல்லாததை நினைக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. ஒன்று மாறுகிறது என்றால் இல்லாத ஏதோ ஒன்று இருப்பதாக ஆக வேண்டும். அது எப்படி முடியும்? இந்தத் தர்க்கத்தில்தான் அவருடைய உயிர் இருக்கிறது. என் மூன்றாம் பத்தியில் முடிவு மட்டும் இருந்தது. வவுச்சர் எதுவும் இல்லாமல் தொகையை மட்டும் பேரேட்டில் ஏற்றிவைத்தது போல. ஒரு வருடத்தில் அதை மூடிவைத்துவிட்டேன்.

2014-ல் பித்தப்பைக் கல்லுக்காக எனக்கு அறுவைசிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கொடுத்த டாக்டர் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். ஏழு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அடுத்த கணம் நர்ஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை மணி நேரம் போயிருக்கிறது. தூங்கி எழுந்தால் நேரம் கழிந்தது என்ற உணர்வாவது மிஞ்சும். இதில் அதுவும் இல்லை. அந்த இரண்டரை மணி நேரம் நான் எங்கே இருந்தேன்? உடல் மேசையில் கிடந்தது, இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ‘நான்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறதே, அது? தையல் ஆறும்வரை வீட்டில் படுத்துக்கொண்டு இதையே யோசித்தேன்.

‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற, 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்தின் வாக்கியம் எல்லோருக்கும் தெரிந்தது போல எனக்கும் தெரியும். சிந்திப்பதே என் இயல்பு என்றால், சிந்தனை நின்றுபோன அந்த நேரத்தில் நான் இல்லாமல் போயிருக்க வேண்டுமே! இதை அவரிடம் யாராவது கேட்டார்களா என்று தேடினேன். கேட்டிருக்கிறார்கள், அதுவும் அவர் உயிரோடு இருந்தபோதே.

1641-ல் பாரிசில் லத்தீன் மொழியில் வெளியான அவருடைய ‘தியானங்கள்’ நூல் தனித்து வரவில்லை. அச்சாவதற்கு முன்பே கையெழுத்துப் படி பல அறிஞர்களிடம் போயிற்று. அவர்கள் எழுதிய ஆட்சேபங்களும், அவற்றுக்குத் தெக்கார்த் எழுதிய மறுமொழிகளும் அதே நூலில் சேர்ந்து வெளியாயின. மெர்சென் என்ற துறவி இடையில் நின்று இதையெல்லாம் ஒருங்கிணைத்தார். ஆட்சேபித்தவர்களில் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் இருக்கிறார், இறையியலாளர் ஆர்னோ இருக்கிறார், கசாந்தி இருக்கிறார். தியானங்கள் மொத்தமே ஆறுதான். அவற்றைவிட அந்த விவாதம் பல மடங்கு நீளமானது. தத்துவ வரலாறு எப்படி நடக்கிறது என்பதை ஒரே நூலுக்குள் காட்டும் இதைப் போன்ற வாசல் தொடக்கக்காரருக்கு வேறு கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

கசாந்தி பாதிரியார், வானியலாளர், பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிகூரசின் அணுக்கொள்கைக்கு மறுவாழ்வு கொடுத்தவர். ஆழ்ந்த உறக்கத்திலும் தாயின் வயிற்றிலும் நீ சிந்தித்துக்கொண்டா இருந்தாய் என்று அவர் கேட்கிறார். கேட்கும்போது தெக்கார்த்தை ‘ஏ மனமே’ என்று விளிக்கிறார். தெக்கார்த்தும் விடவில்லை, ‘ஏ சதையே’ என்று திருப்பி அழைக்கிறார். சிந்திக்கும் பொருள் எப்போதும் சிந்தித்துக்கொண்டுதான் இருக்கும் என்பது அவர் பதில். நினைவில் தங்க வேண்டுமானால் மூளையில் தடம் பதிய வேண்டும்; உறக்கத்தில் அப்படிப் பதியாததால் மறந்துபோகிறோம் என்கிறார். எனக்கு இது திருப்தி தரவில்லை. ஆனால் மறுக்கவும் வழி தெரியவில்லை. நினைவே இல்லாத ஒரு நேரத்தைப் பற்றி நினைவை வைத்துச் சாட்சி சொல்வது எப்படி?

அந்தக் கட்டத்தில்தான் எலிசபெத்தைக் கண்டுகொண்டேன். பொஹீமிய அரச குடும்பத்து இளவரசி; தந்தை நாட்டை இழந்ததால் ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்த குடும்பம். 1643 மே மாதம், இருபத்து நான்கு வயதில், தெக்கார்த்துக்கு முதல் கடிதம் எழுதுகிறார். ஒரு பொருளை நகர்த்த வேண்டுமானால் அதைத் தொட்டுத் தள்ள வேண்டும். ஆன்மாவுக்கு நீளமும் அகலமும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அது உடலை எப்படி அசைக்கிறது என்று கேட்கிறார். எடை ஒரு பொருளைத் தொட்டுத் தள்ளாமலே கீழே இழுப்பதாக நாம் நினைக்கிறோமே, அதை உதாரணம் காட்டித் தெக்கார்த் விளக்க முயல்கிறார். ஜூன் மாதம் அடுத்த கடிதம் வருகிறது. எடை பற்றிய அந்தக் கருத்தே தவறு என்று நிறுவப்போவதாகச் சொல்லும் நீங்கள், அதை வைத்து என்னை எப்படி நம்பவைப்பீர்கள் என்கிறார் எலிசபெத். பிறகு என் நெஞ்சில் தைத்த இடம் வருகிறது: உடல் இல்லாமலே இருக்கக்கூடிய ஆன்மா, நன்றாகச் சிந்தித்துப் பழகிய ஆன்மா, உடலில் எழும் சில வாயுக்களால் அந்தத் திறனை அடியோடு இழந்துவிடுகிறதே, அது எப்படி? மயக்க வாயு கண்டுபிடிப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் என் கேள்வியைக் கேட்டுவிட்டார்! படித்த அன்று இரவு வெகுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

அதே கடிதத்தில், குடும்பத்தின் பொறுப்புகளும் போக்கும் வரவுமாக இருக்கும் வாழ்க்கையில் தியானத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்றும் எழுதுகிறார். வேலைக்குப் போய்க்கொண்டு படிக்க நினைக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்த வரியில் நின்றுதான் கடக்க வேண்டியிருக்கிறது. வெறும் அறிவை மட்டும் பயன்படுத்தும் சிந்தனைக்குத் தாம் வருடத்தில் சில மணி நேரமே ஒதுக்குவதாகத் தெக்கார்த் பதில் எழுதினார். கடிதப் போக்குவரத்து 1650-ல் அவர் ஸ்டாக்ஹோமில் இறக்கும் காலம்வரை தொடர்ந்தது. ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’ என்ற அவருடைய கடைசி நூல் அதிலிருந்துதான் வளர்ந்தது. தம் கடிதங்களை வெளியிட எலிசபெத் சம்மதிக்கவில்லை. அவை அச்சில் வந்தது 1879-ல். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இந்த உரையாடலில் ஒரு குரல் மட்டுமே உலகத்துக்குக் கேட்டது என்பது எனக்கு இன்னும் வருத்தமளிக்கிறது.

இதற்குப் பிறகு என்னை யாரும் வரிசையாகப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருத்துவம் பயின்ற ஆங்கிலத் தத்துவவாதி லாக், 1689-ன் இறுதியில் வெளியான தம் பெரிய நூலில் இதே கேள்விக்கு வருகிறார். ஆன்மா எப்போதும் சிந்திக்கிறது என்று போதிப்பவர்களின் கொள்கையை, தூக்கத்தில் தலை சாயும் ஒவ்வொரு முறையும் ஆட்டங்காண வைக்கிறது என்பது அவர் வாதம். ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் லாக்குக்கு வரிக்கு வரி பதில் எழுதினார். 1704-ல் லாக் இறந்துவிடவே, இறந்தவரோடு வாதாட விரும்பாமல் அதை வெளியிடாது வைத்துவிட்டார். 1765-ல்தான் அந்த நூல் வந்தது. அதில் கடல் இரைச்சலைச் சொல்கிறார். ஒவ்வொரு அலையின் ஓசையும் தனியாக நம் கவனத்துக்கு எட்டுவதில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் சிறிதேனும் நம்மைத் தொட்டிருக்க வேண்டும். ஒன்றுமில்லாத லட்சம் சேர்ந்தாலும் ஓர் இரைச்சல் ஆகாது அல்லவா? உறக்கமும் அப்படியே. ஒலியின் மிகச் சிறிய தொடக்கத்தை உள்ளே ஏதோ ஒன்று உணராவிட்டால் எவ்வளவு பெரிய சத்தமும் நம்மை எழுப்பாது என்கிறார். நர்ஸ் என்னை எத்தனை முறை கூப்பிட்ட பிறகு நான் கண் விழித்தேன் என்று அன்று கேட்டுவைத்திருக்கலாம். அதே நூற்றாண்டுத் தத்துவவாதிகளான ஸ்பினோசாவையும் மால்பிரான்ஷையும் இந்த வழியிலேயே சந்தித்தேன். எலிசபெத்தின் முதல் கேள்விக்கு ஆளுக்கொரு விடை வைத்திருக்கிறார்கள்.

பின்னோக்கியும் போக வேண்டியதாயிற்று. அரிஸ்டாட்டிலின் ஆன்மா பற்றிய நூலில், மெழுகும் அதில் பதிந்த முத்திரையும் ஒன்றா என்று கேட்கத் தேவையில்லாதது போல உடலும் ஆன்மாவும் ஒன்றா என்று கேட்கவும் தேவையில்லை என்று வருகிறது. முத்திரை மெழுகை எப்படித் தள்ளுகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். எலிசபெத்தின் கேள்வி அங்கே எழவே வழியில்லை. தெக்கார்த் எதை விட்டுவிட்டு வந்ததால் அந்தக் கேள்வி பிறந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருபத்தெட்டு வயதில் இதே அரிஸ்டாட்டிலின் இதே வரியைக் கடந்துபோயிருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

தமிழில் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் ஒரு நல்ல செய்தியும் உண்டு. எச்சரிக்கை, சொற்களைப் பற்றியது. தெக்கார்த் சொல்லும் சிந்திக்கும் பொருளை ‘மனம்’ என்று மொழிபெயர்த்துவிட்டு வேகமாகப் போகிறோம். நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். ஆனால் சைவ சித்தாந்தத்தில் மனம் அந்தக்கரணங்கள் எனப்படும் உட்கருவிகளில் ஒன்று. ஆன்மா அவற்றில் ஒன்றன்று என்று அதன் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் சொல்கிறது. அங்கே மனமும் புத்தியும் மாயையிலிருந்து வந்த கருவிகள், உடலின் பக்கம் நிற்பவை. தெக்கார்த்தோ சிந்தனை முழுவதையும் ஆன்மாவின் பக்கம் வைக்கிறார். இருவருமே உடலையும் உயிரையும் பிரிக்கிறார்கள், ஆனால் கோடு போடும் இடம் வேறு. எந்தச் சொல் யாருடைய கோட்டுக்கு உரியது என்று பார்க்காமல் போனால் இரண்டும் ஒன்று என்று தோன்றிவிடும்.

நல்ல செய்தி, இந்த விவாதத்துக்கு நம்மிடம் சொந்த வாசல்கள் இருக்கின்றன. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரில் பத்துச் சமயவாதிகளிடம் அவள் கேட்டறிகிறாள். கடைசியில் வரும் பூதவாதி, தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் சேர்த்தால் கள்ளின் வெறி பிறப்பது போலப் நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான். கண்ணால் காண்பதே அறிவதற்கான அளவை, அனுமானம் பொய் என்பதும் அவன் கட்சி. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிவாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரமோ ஒவ்வொரு தொடரிலும் ஓர் எதிர்வாதிக்கு விடை சொல்கிறது. ‘கண்படில் உண்டி வினை இன்மையின்’ என்ற தொடர் மூச்சுதான் உயிர் என்பவருக்கானது: உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, நுகர்ச்சியும் செயலும் இல்லை, ஆகவே நுகர்வது மூச்சு அன்று. அதே சூத்திரத்தில் உடலுக்கு அவர் வைக்கும் பெயர் ‘மாயா இயந்திர தனு’. தெக்கார்த்தும் உடலை இயந்திரம் என்றவர்தான். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், தம் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைப் பேசும் பரபக்கப் பகுதியில் பதினான்கு எதிர்த்தரப்புகளை ஒவ்வொன்றாக முதலில் சொல்லிப் பிறகே மறுக்கிறார். எதிராளி சொன்னதை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைப் படிப்பவரும் பழகிக்கொள்ள வேண்டும்.

இப்போது என் நோட்டிலும் மூன்று பத்திகள்தான். என்ன கேள்வி, யாருக்குப் பதில், நான் எந்த வரியில் உடன்படவில்லை. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கிறேன். காலவரிசை தேவைதான், ஒரு தாளில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டி, சந்தித்தவர்களை மட்டும் அதில் குறித்துவந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. மூன்று பக்கங்களுக்கு மேல் போவதில்லை.

உங்கள் கேள்வி என்னுடையதாக இருக்க வேண்டியதில்லை. கடவுள் இருந்தால் துன்பம் ஏன் என்பதாக இருக்கலாம், எது நீதி என்பதாக இருக்கலாம். கையில் கேள்வி எதுவும் இல்லையென்றால் எலிசபெத்தின் முதல் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, ஓரிரு பக்கங்கள்தான். படித்ததும் தெக்கார்த்தின் பதிலைத் திறந்துவிடாதீர்கள். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். மறுநாள் அவர் எழுதியதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.