எங்கே வரை போகும் என்று கேள்

கேள்வி: தென்காசியிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து பத்து நாளாகிறது, அக்கா. எண்ணைப் பார்த்துத்தான் பஸ் ஏறினேன். பாதி வழியிலேயே எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இப்போது பஸ் என்றாலே பயமாக இருக்கிறது.
— வாசகி, தாம்பரம்

பதில்: நீ ஏறியது 'கட்' சர்வீஸாக இருந்திருக்கும், அம்மா. அந்த வண்டி கடைசி நிறுத்தம் வரை போகாது. புதிதில் நானும் பாரிமுனையில் அழுதுகொண்டு நின்றிருக்கிறேன். பூ விற்ற பாட்டி ஒருவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "எண்ணை மட்டும் பார்க்காதே, எங்கே வரை போகும் என்று கேள்" என்றார். இன்றும் படியில் கால் வைக்குமுன் கேட்டுவிடுகிறேன். சாதாரணக் கட்டணப் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் பயணச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள். எழும்பூர் பக்கம் வேலை என்றால் மின்சார ரயிலே நல்லது. தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியில் ஏறு. உட்கார இடம் கிடைக்கும்.