மலைநாட்டு ஈரத்தில் பழைய ராணுவ ஜீப்பைப் புதுப்பித்து ஓட்ட முடியுமா?

பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஷெட்டில் பல வருசமாக நிற்கும் வில்லிஸ் ஜீப் விலைக்கு வருகிறது, வாங்கினால் எஞ்சினில் தொடங்குவதா, பெயின்டில் தொடங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம், பிரேக்கில் தொடங்குங்கள். ஹட்டனில் இருந்துகொண்டு 1943ஆம் ஆண்டு வண்டி ஒன்றைப் பதினொரு வருசமாக வைத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அது இரண்டாம் உலக யுத்தகால வண்டிதானா என்று பாருங்கள். முன் கிரில்லில் ஒன்பது பிளவு என்றால் ராணுவத்துக்குச் செய்தது. ஏழு பிளவும் பின்னால் திறக்கும் கதவும் இருந்தால் யுத்தம் முடிந்தபின் பொதுமக்களுக்கு வந்த சிஜே. ஃபோர்ட் கம்பனியும் இதே ஜீப்பைச் செய்தது, அதில் போல்ட் தலையில்கூட எஃப் எழுத்து பொறித்திருக்கும். ராணுவ வண்டியில் ஹெட்லைட்டைப் பின்பக்கம் திருப்பி எஞ்சின் மேல் வெளிச்சம் அடிக்கலாம். இருட்டில், நடுவழியில், கையில் இரண்டு ஸ்பேனரோடு நிற்கும் சிப்பாயை மனதில் வைத்துச் செய்த வண்டி அது. அதனால்தான் நம்மைப் போன்றவர்களாலும் இன்று அதைக் கழற்றிப் பூட்ட முடிகிறது.

சரி, பிரேக். நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான், ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கால்மிதிக்குக் கீழே இருப்பதால் சேறும் தண்ணீரும் நேராக அங்கேதான் போகும். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சும், ஈரம் ஏறிய ஒயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். வாங்கிய முதல் வருசம் எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் கையிலிருந்த காசையெல்லாம் கொட்டிவிட்டு, பழைய பிரேக் ஒயிலோடு ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கினேன். பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. பக்கத்தில் என் அம்மா இருந்தார். கியரைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் தேயிலை மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். அன்றிலிருந்து மழைக்காலம் முடிந்ததும் பிரேக் ஒயிலை முழுவதும் மாற்றிவிடுகிறேன். இரும்புக் குழாய்கள், ரப்பர் கப் எல்லாம் வாங்கியவுடனேயே புதிதாகப் போடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டாம், அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கும்.

அடுத்தது தரைத் தகரம். அதற்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தகரச் சட்டங்களுக்குள் மரக்கட்டை வைத்து மூடியிருப்பார்கள், பலருக்கு இது தெரியாது. அந்தக் கட்டை தண்ணீரைக் குடித்துக்கொண்டு வருசக்கணக்கில் உள்ளேயிருந்தே தகரத்தை அரிக்கும். வட்டவளை மழையில் நனையும் எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு இது பெரிய நோய். என் வெல்டிங் பாஸ் சட்டத்தை வெட்டித் திறந்தபோது கட்டை கைப்பிடி மண்ணாக உதிர்ந்தது. புதுக் கட்டைக்கு எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்து, தண்ணீர் வடிய ஓட்டை விட்டுத்தான் மூடினோம். பெற்றோல் தொட்டி டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும், அந்தக் குழியின் ஓட்டையையும் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் 6 வோல்ட். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது என்று எல்லோரும் 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் 12 வோல்ட்டுக்கான மெல்லிய கேபிளில்தான் இருக்கும். 6 வோல்ட்டில் கரண்ட் இரட்டிப்பாக ஓட வேண்டும், தடித்த கேபிள் போட்டு எர்த் பிடிக்கும் இடத்தை நன்றாகச் சுரண்டிவிட்டால் நுவரெலியாக் குளிரிலும் ஸ்டார்ட் ஆகும். அங்கே 1,868 மீற்றர் உயரத்தில் 60 குதிரைச் சக்தி எஞ்சின் மூச்சு வாங்கத்தான் செய்யும், அதைப் பழுது என்று நினைத்து எஞ்சினைப் பிரிக்காதீர்கள். பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒருநாள் முழுக்க நடக்க வேண்டும், பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துப்போங்கள். வண்டிக்கு அடியில் படுத்து அந்தச் சட்டங்களைத் தட்டுங்கள். ‘டங்’ என்று கேட்டால் பேரம் பேசலாம். ‘பொத்’ என்று கேட்டால், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள்.