சைக்கிள் கேள்வி பதில்: பிரேக் ஹோஸை வெட்டும் முன்

கேள்வி: வணக்கங்கண்ணா. என் எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளுக்குப் புதிதாக ஷிமானோ ஹைட்ராலிக் பிரேக் வாங்கி மாட்டினேன். பின் பிரேக் ஹோஸ் (ஆயில் போகும் குழாய்) ஒரு சாண் நீளம் அதிகமாகி ஹேண்டில்பாருக்கு முன்னால் தொங்குகிறது. நானே வெட்டலாமா? வெட்டினால் ஆயில் முழுக்கப் போய்விடும் என்கிறார்கள்.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாக நீங்களே வெட்டலாம் தம்பி. ஆனால் புது ஆலிவ் ஒன்றும் புது இன்சர்ட் ஒன்றும் கையில் இல்லையென்றால் இன்றைக்கு வெட்டாதீர்கள், அவை வந்த பிறகு உட்காரலாம். ஆலிவ் என்பது ஹோஸ் மேல் ஏறும் சின்னப் பித்தளை வளையம். நட்டை முறுக்கும்போது நசுங்கி ஹோஸைக் கவ்விக்கொள்ளும், ஆயிலை வெளியே விடாமல் நிறுத்துவது அந்தப் பிடிதான். ஒருமுறை நசுங்கிய ஆலிவ் அடுத்த முறை அதே மாதிரி பிடிக்காது.

நான் இதைக் கொல்லிமலையில் கற்றுக்கொண்டேன். பழைய ஆலிவைக் கழற்றி அதையே திரும்பப் போட்டிருந்தேன், வீட்டில் அழுத்திப் பார்த்தபோது லீவர் கல் மாதிரி நின்றது, அதை நம்பி மலையேறிவிட்டு இறங்கும்போது, அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் பத்துப் பன்னிரண்டு தாண்டியிருப்பேன், பின் பிரேக் லீவர் மெல்ல மெல்லக் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது, விரலெல்லாம் ஆயில். முன் பிரேக்கை வைத்து ஓரம் கட்டி, காரவள்ளி அடிவாரம் வரை தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்சர்ட் என்பது ஹோஸின் வாய்க்குள் போகும் குட்டிக் குழாய். ஆலிவ் வெளியிலிருந்து நெரிக்கும்போது ஹோஸ் உள்ளே சப்பையாகாமல் தாங்குவது அது. ஷிமானோவில் பிஎச் 59, பிஎச் 90 போன்ற ஹோஸ் வகைகள் உண்டு, இந்த இரண்டுக்கும் இன்சர்ட் வேறு வேறு. உங்களுடையது எது என்று ஹோஸ் மேலேயே அச்சடித்திருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது அளவு. ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கமும் ஹோஸ் இழுபடக் கூடாது, மடங்கவும் கூடாது. பின்னால் ஷாக் இருக்கிற சைக்கிள் என்றால் அதில் காற்றை இறக்கி முழுக்க அமுக்கியும் பார்க்க வேண்டும். குறித்த இடத்துக்கு 1 அல்லது 2 செ.மீ. தள்ளியே வெட்டுங்கள். நீளமாக இருந்தால் இன்னொரு முறை வெட்டிக்கொள்ளலாம், குட்டையாகிவிட்டால் புது ஹோஸ்தான்.

வெட்டுவது லீவர் பக்கம். அதற்கு முன் சக்கரத்தையும் பேடையும் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கட்டை) கழற்றிவிட்டு, பேட் உட்காரும் காலிப்பருக்குள் பிரேக்கோடு வந்த மஞ்சள் பிளாக்கைச் சொருகுங்கள், பேடில் ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 8 எம்எம் ஸ்பேனரால் நட்டைக் கழற்றி ஹோஸை உருவி, அதன் வாய் மேலே பார்த்தபடி வைத்தால் ஆயில் கொஞ்சம்தான் சிந்தும். இந்த நேரத்தில் லீவரை மட்டும் யாரும் தொடக் கூடாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் கவனம். ஹோஸ் கட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் புது பிளேடு போட்ட கட்டரால் ஒரே அழுத்தில் நேராக வெட்டுங்கள். ஹேக்ஸா வேண்டாம், பிசிறும் தூளும் உள்ளே போய்விடும்.

ரப்பர் மூடி, நட், ஆலிவ், இந்த வரிசையில் ஹோஸில் ஏற்றிவிட்டு அப்புறம் இன்சர்ட்டை அடிக்க வேண்டும். ஹோஸைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டை இல்லையா? ஒரு மரத்துண்டில் 5 எம்எம் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையின் நடுவாகவே ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிடுங்கள். ரம்பம் தின்ற இடைவெளியால், வைஸில் வைத்து இறுக்கும்போது ஹோஸை அருமையாகப் பிடிக்கும். நம்ம ஊரில் எந்த லேத் பட்டறையில் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் செய்து கொடுப்பார்கள். இன்சர்ட்டின் தலை ஹோஸோடு ஒட்டி உட்காரும் வரை மெதுவாகத் தட்டுங்கள்.

கடைசியாக ஹோஸை லீவருக்குள் முட்டும் வரை தள்ளி, அந்தத் தள்ளலை விடாமலேயே நட்டை முறுக்க வேண்டும். 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் போதும். பேடும் சக்கரமும் மாட்டியபின் லீவரைப் பலமாகப் பிடித்து, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள், காய்ந்திருந்தால் சரி. லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது, ஏர் எடுக்காமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: சைக்கிள் பிரேக்கில் ஆயில் குறைந்ததால் பைக் மெக்கானிக் டாட் 4 (மோட்டார் பைக் பிரேக்) ஆயில் ஊற்றிக் கொடுத்தார். பரவாயில்லையா சார்?
– வாசகர், பெருந்துறை

பதில்: உங்கள் சைக்கிள் எந்த பிரேக் என்று எழுதவில்லை. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயிலில் ஓடுபவை. அதில் டாட் ஆயில் போனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும், அதற்கப்புறம் ஆயிலை மாற்றுவதால் பயன் இல்லை, ஓட்டுவதை நிறுத்திவிட்டு லீவர், காலிப்பர் இரண்டையும் மாற்றப் பாருங்கள். ஸ்ராம் பிரேக்கில் பெரும்பாலும் டாட் ஆயில்தான், ஆனால் அவர்களே மினரல் ஆயில் மாடல்களும் விடுகிறார்கள். அதனால் கம்பெனிப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் லீவரிலோ காலிப்பரிலோ எழுதியிருப்பதைப் படியுங்கள். டாட் ஆயில் பெயின்ட்டையும் அரிக்கும், ஃபிரேமில் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த சைக்கிளில் முன் பிரேக் இடது கையில் இருக்கிறது. மாற்றலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: மாற்றலாம்ங்க. நீங்கள் ஸ்கூட்டரும் ஓட்டுபவர் என்றால் கட்டாயம் மாற்றுங்கள், அவசரத்தில் கை பழகிய பக்கம்தான் போகும். இரண்டு ஹோஸையும் லீவரில் கழற்றி இடம் மாற்றி மாட்ட வேண்டும், இரண்டுக்கும் புது ஆலிவ், புது இன்சர்ட். ஹோஸ் இன்னும் ஒரு விரல் குட்டையாகும், அதற்கு இடம் இருக்கிறதா என்று ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.