பாசிசமா, சர்வாதிகாரமா, எமர்ஜென்சியா? கேள்வி பதில்

பாசிசம், சர்வாதிகாரம், எதேச்சாதிகாரம் மூன்றும் ஒன்றுதானே ஐயா?

இல்லை தம்பி. ஆள்பவர் யாருக்கும் பதில் சொல்லாமல் தன் இஷ்டத்துக்கு நடந்தால் எதேச்சாதிகாரம். அது முற்றி, மற்றவர் ஆட்சிக்கு வரும் வழியே அடைபட்டால் சர்வாதிகாரம். பாசிசத்துக்கு இது மட்டும் போதாது. தெருவில் இறங்கி அடிக்க ஒரு கூட்டமும், காட்டிப் பயமுறுத்த ஓர் எதிரியும் வேண்டும். இத்தாலியில் முசோலினி 1922இல் பிரதமரானதே அவர் கட்சியின் அடிதடிப் படையான கருஞ்சட்டைப் படையின் பலத்தில்தான். (நம்மூர்க் கருஞ்சட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

எமர்ஜென்சியின்போது இந்திராவைத்தானே பாசிஸ்ட் என்றார்கள்?

அவரும் எதிராளிகளை அப்படித்தான் சொன்னார்! இந்திராவை எதிர்த்த ஜெயப்பிரகாஷ் நாராயணன் இயக்கம் பாசிசம் என்று சொல்லி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் இந்திராவுக்குத் துணை நின்றது. பின்னால் அது தவறு என்று ஒப்புக்கொண்டது. ஆக, பட்டத்தை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. நடந்ததைப் பாருங்கள். 1975 ஜூன் 28 அன்று 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. தணிக்கையை அதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்? 1976 ஜனவரி 31இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. அப்புறம் மிசா (விசாரணையின்றிச் சிறைவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) கைதுகள். உள்ளே போய்வந்தவர்கள் பெயருக்கு முன்னால் இன்றைக்கும் 'மிசா' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மோடி ஆட்சியை 'அறிவிக்கப்படாத எமர்ஜென்சி' என்கிறார்களே, சரியான சொல்தானா?

மேடைக்கு நல்ல சொல். ஆனால் அறிவித்த எமர்ஜென்சிக்கு அரசமைப்புச் சட்டத்தின் 352ஆவது பிரிவு இருந்தது, தொடங்கிய நாளும் முடிந்த நாளும் இருந்தன. அறிவிக்காததற்கு எதைக் காட்டுவது? சொல்பவர்தான் வழக்கு வழக்காக எடுத்துவைக்க வேண்டும்.

மார்க்சிஸ்ட் கட்சி ஏன் 'நவபாசிசம்' (புதுவடிவப் பாசிசம்) என்ற சொல்லில் மயிர்பிளக்கிறது?

2025 ஏப்ரலில் நடந்த மதுரை மாநாட்டுக்கு முன் எழுந்த சர்ச்சை அது. மோடி ஆட்சியில் நவபாசிசக் கூறுகள் தெரிகின்றன, ஆனால் அதை நவபாசிச அரசு என்று சொல்லவில்லை என்றது கட்சிக் குறிப்பு. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இதை ஏற்கவில்லை. வெறும் சொற்சண்டை என்று ஒதுக்காதீர்கள். பாசிசமே வந்துவிட்டது என்றால் யாரோடு வேண்டுமானாலும் கைகோக்கத்தான் வேண்டும். கேரளத்திலோ மார்க்சிஸ்ட் கட்சிக்கு எதிரே நிற்பது காங்கிரஸ். என் கணிப்பில் சிக்கல் அங்கேதான்.

'அவங்க பாசிசம்னா நீங்க பாயாசமா' என்று விஜய் கேட்டது?

2024 அக்டோபரில், தன் கட்சியின் விக்கிரவாண்டி மாநாட்டில். பாஜகவைப் பாசிசம் என்று சொல்லும் திமுகவைக் குத்தியது அது. ஒரு சொல்லை நாளுக்குப் பத்துத் தடவை சொன்னால் கேலி வரத்தான் செய்யும்.

இப்படிச் சொன்னால் வழக்கு வருமா?

வந்திருக்கிறது. 2018இல் தூத்துக்குடிக்கு வந்த விமானத்தில் 'பாசிச பாஜக ஆட்சி ஒழிக' என்று முழங்கிய மாணவி கைதானார். அந்த வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2023இல் ரத்துசெய்தது. ஒரு முழக்கத்துக்கு ஐந்து வருடம்.